சரிவு முற்றம்

கார் வந்த வாரமே என் புருஷன் தாணுப்பிள்ளை வில்வண்டியையும் காளைகளையும் விற்றுவிட்டார். அன்றோடு நான் அடைபட்டேன். குளத்தூரில் கார் உள்ள ஒரே வீடு எங்களுடையது. அந்த வீட்டுப் பெண் இரவல் மாட்டுவண்டியில் போனால் ஊர் சிரிக்குமாம். நடந்து போவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். சரி, காரிலேயே போகலாமே என்றால், அது இடதுபக்கம் இழுக்கிறதாம்.

சித்திரையில் நாகர்கோவில் வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கிய பழைய கார். ஆனி பிறந்துவிட்டது. பாறசாலையில் என் அம்மா காலெல்லாம் வீங்கி, மூச்சுவிட முடியாமல் படுத்திருந்தாள். என்னைப் பார்க்கவேண்டும் என்று ஆள்மேல் ஆள் அனுப்பினாள்.

"வண்டி செரியாவட்டுட்டீ, ஒன்ன ராணியாட்டு கொண்டுபோறேன்" என்பார் இவர்.

ஞாயிறுதோறும் முன்சக்கரத்தைச் சரிபார்க்கும் சடங்கு நடக்கும். சரடு பிடிக்க நான். இரண்டு முன்சக்கரங்களுக்கும் இடையே முன்பக்கம் ஓர் அளவு, பின்பக்கம் ஓர் அளவு. முன்பக்கம் கொஞ்சம் குறைவாக இருந்தால் வண்டி நேராக ஓடுமாம். இவர் அடியில் மல்லாந்து படுத்து, சக்கரங்களை இணைக்கும் குறுக்குக் கம்பியைத் திருகுவார். கூடிப்போச்சு என்பார், குறைஞ்சுபோச்சு என்பார். அளவு சரியானதும் ஏறி உட்கார்ந்து முற்றத்தில் மெல்ல ஓட்டி, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுப்பார். வண்டி சாவகாசமாக மாமரத்தைப் பார்த்துப் போகும்.

"கண்டியா, எடத்தோட்டு இழுக்குது."

அவர் முகத்தில் வருத்தமே இருக்காது. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு ஞாயிறு நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. முற்றத்துத் தண்ணீர் முழுவதும் மாமரத்தின் அடிக்கு ஓடிக்கொண்டிருந்தது. தினமும் முற்றம் பெருக்குகிறவள் நான். இத்தனை நாள் இது எனக்கு உறைக்கவில்லையே என்று என்மேலேயே கோபம் வந்தது.

"இஞ்ச பாருங்க. முத்தம் அங்கோட்டுல்லா சரிஞ்சு கெடக்கு? தண்ணியே அங்கதான் போவுது. பின்ன வண்டி எங்க போவும்?"

காருக்கு அடியில் கம்பி திருகும் சத்தம் நின்றது. பிறகு மெதுவாக, "எனக்குத் தெரியும்ட்டீ" என்றார்.

"தெரியுமா?"

"சக்கரத்துக்கு ஒண்ணும் இல்ல. ரோட்டுல கொண்டுபோவ எனக்குப் பயமாக்கும். ஆருட்டயும் சொல்லீராத."

துரையின் டிரைவர் இந்த முற்றத்தில் ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனதோடு சரி, இவர் காரோடு வாசலைத் தாண்டியதே இல்லை. எனக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததால் கோபம் குறைந்துவிடவில்லை. அம்மா அங்கே மூச்சுக்குத் தவிக்க, நான் இங்கே இந்த மனுஷனின் பயத்துக்குச் சரடு பிடித்திருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து என் தம்பி முத்துக்குமாரசாமி, பாறசாலையிலிருந்து நனைந்தபடி நடந்து வந்து நின்றான்.

"அக்கா, அம்மைக்குத் தீரே முடியல்ல. ஒன்னத்தான் கேக்கா. அத்தான், வண்டி செரியாச்சா?"

இவர் காருக்கு அடியிலிருந்து என்னைப் பார்த்தார். கண் கெஞ்சியது.

"செரியாச்சு மக்கா," என்றேன். "நேராட்டு ஓடும். ஏறு."

மச்சினன் முன்னால் அவர் என்ன சொல்வார்? தம்பி முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றி இயந்திரத்தைக் கிளப்பினான். நான் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். கிணற்றில் விழுந்தவன் கயிற்றைப் பிடிப்பதுபோல் இவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். சாலையில் வண்டி இடமும் இழுக்கவில்லை, வலமும் இழுக்கவில்லை. பொன்னப்பன் சாயாக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

குளத்தருகே சாலை வளைந்தது. இவர் வளைக்கவில்லை. வண்டி நேராகவே போய் வயலில் இறங்கி, சக்கரம் பாதி புதைந்து நின்றது.

யாருக்கும் அடி இல்லை. சாயாக்கடை முழுவதும் ஓடிவந்து, பார்த்து, வயிறு வலிக்கச் சிரித்தது. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். கரையேறித் தம்பியோடு நடக்க ஆரம்பித்தேன்.

"எட்டீ வடிவு, நடந்தா போறே? ஊரு சிரிக்கும்ட்டீ!"

"சிரிச்சாச்சே. இனி என்ன?"

வரப்பு முனையில் திரும்பிப் பார்த்தேன். அவர் இன்னும் ஸ்டியரிங்கை விடவில்லை.

நான் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது காலில் சேறு காய்ந்திருந்தது. அவள் கண்ணைத் திறந்து, "வண்டி செரியாச்சாட்டீ?" என்று கேட்டாள்.

"நடந்தாக்கும் வந்தேன் அம்மா" என்றேன்.