காலிப் பெட்டியின் கனம்

ஜார்ஜ் வாஷிங்டன் காலமாகி மூன்று வாரம் கழித்துத்தான் எங்கள் மலையூரான எல்ம்ஸ்பரிக்குச் செய்தி வந்தது. வந்த பிறகு ஊர் சும்மா இருக்குமா? பாஸ்டனில் வீதியெல்லாம் கறுப்புத் துணி கட்டினார்களாம், பக்கத்து ஊரில் ஆளில்லாத குதிரையை முன்னால் நடத்திக்கொண்டு போனார்களாம், இன்னோர் ஊரில் காலிச் சவப்பெட்டியையே தூக்கிக்கொண்டு போனார்களாம். நாம் மட்டும் என்ன இளப்பமா என்று ஊர்க்கூட்டம் கூடியது. அவர் பிறந்த நாளான பிப்ரவரி இருபத்திரண்டில் ஒரு காலிப் பெட்டியை ஊர்வலமாகக் கொண்டுபோய், குழி வெட்டி, துப்பாக்கி மரியாதையோடு புதைப்பது என்று முடிவாயிற்று. பனி உருகியதும் தலைமாட்டுக் கல், கால்மாட்டுக் கல் இரண்டும் நடுவது. 'அன்னாரின் வாழ்வும் சாதனைகளும்' பற்றிப் போதகர் லாத்ராப் இரண்டு மணி நேரம் பேசுவார். பெட்டியைத் தச்சன் ஜேபஸ் செய்வான். உள்துணியைத் தையல்காரி டார்க்கஸ் வால்காட் தைப்பாள்.

பெண்கள் பெஞ்சிலிருந்து டார்க்கஸ் எழுந்து நின்றாள்.

"ஐயா, ஒரு சந்தேகம்."

"கேளும்மா," என்றார் போதகர்.

"உடம்பு இல்லாம பொதைக்கலாமா?"

"இது மரியாதைக்குச் செய்யறதும்மா."

"இருபத்திரண்டு வருஷம் முன்னாடி நான் வந்து கேட்டப்ப, உடம்பு இல்லாம குழியும் கிடையாது, கல்லும் கிடையாதுன்னு இதே வாயாலதானே சொன்னீங்க?"

"அது வேற, இது வேற."

"எப்படி வேற?"

"உக்காரும்மா."

உட்கார்ந்தாள். ஆண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டார்க்கஸுக்குக் காதுவரை சூடேறியது.

அவள் புருஷன் ஆசகேல் வால்காட் ஊர்க் கொல்லன். ஆங்கிலேயரோடு நடந்த சுதந்திரச் சண்டைக்குப் போனவன், வாஷிங்டனின் படை வாலி ஃபோர்ஜ் முகாமில் பனியிலும் பட்டினியிலும் கிடந்த அந்தக் குளிர்காலத்தில் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரிக் குடிசைக்குப் போனான். அதோடு சரி. வசந்தத்தில், கூடவே படையில் இருந்த ஜேபஸ்தான் அவனுடைய நீலக் கோட்டைக் கொண்டுவந்து டார்க்கஸிடம் கொடுத்தான். அப்போது போதகர் எல்லார் முன்னாலும் ஜேபஸைக் கேட்டார்: "அவன் செத்ததைக் கண்ணால பார்த்தியா?" ஜேபஸ் பொய் சொல்லத் தெரியாதவன். "இல்லை" என்றான். குடிசைக்குள் அவனை விடவில்லை, கோட்டு மட்டும்தான் வெளியே வந்தது, அதுதான் உண்மை. ஆனால் அந்த ஒரு 'இல்லை' ஊருக்குப் போதுமானதாக இருந்தது. படையின் பெயர்ப் பட்டியலில் அவன் பெயருக்கு எதிரே 'ஆள் இல்லை' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிப்போயிருப்பான், மேற்கே எங்கேயாவது வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துவான் என்று கிணற்றடியில் பேசினார்கள். டார்க்கஸ் போதகரிடம் போய் நின்றாள். குழிகூட வேண்டாம், கால்மாட்டுக் கல் மட்டும் போதும், இரண்டே எழுத்து, ஆ. வா. என்று இருந்தால் போதும் என்று கெஞ்சினாள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கெஞ்சியதை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் வயிறு எரியும்.

ஜேபஸின் பட்டறையில் பெட்டி தயாராகிக்கொண்டிருந்தது. பெரிய மனிதர் ஆறடிக்கு மேல் உயரம் என்று பத்திரிகையில் போட்டிருந்தானாம். ஆகவே, யாரும் படுக்கப்போகாத பெட்டியை ஆறடி நான்கு அங்குலத்துக்கு அளந்து அறுத்தான் ஜேபஸ். டார்க்கஸ் மூலையில் உட்கார்ந்து கறுப்புத் துணிக்கு ஓரம் அடித்தாள். போதகர் வந்து, கணப்பருகே குளிர்காய்ந்தபடி, நாற்பது பக்க உரையை இருவருக்கும் வாசித்துக் காட்டினார். பதினாறு வயதிலேயே அளவுச் சங்கிலி பிடித்துக் காடு அளந்தார். கிறிஸ்துமஸ் இரவில் பனிக்கட்டி மிதக்கும் டெலவேர் ஆற்றைக் கடந்து எதிரியைத் தூக்கத்தில் மடக்கினார். ராஜாவாகவே ஆகியிருக்கலாம், ஆனால் ஜெயித்த கையோடு வாளை ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போனார். தேசத்துக்குச் சட்டம் எழுதிய சபைக்குத் தலைமை வகித்தார். இரண்டு முறை அதிபராக இருந்தார், மூன்றாம் முறை வேண்டாமென்று வீட்டுக்குத் திரும்பினார்.

டார்க்கஸுக்கு இதிலெல்லாம் மறுப்பு இல்லை. நல்ல மனிதர்தான். பதவியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

"'வாலி ஃபோர்ஜ் கடுங்குளிரில் தம் படையை ஒரு தகப்பனைப் போலக் காத்தார்,'" என்று வாசித்தார் போதகர்.

டார்க்கஸ் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "எல்லாரையுமா?"

போதகர் பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

இரண்டு நாள் முன்னதாக ஒத்திகை பார்த்தார்கள். தூக்குகிறவர்கள் எட்டுப் பேரும் பழைய சிப்பாய்கள், ஜேபஸும் அதில் ஒருவன். காலிப் பெட்டி சும்மா பறந்தது. மலைக்காற்றில் அது இப்படியும் அப்படியும் ஆட, எட்டுப் பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒருவன், "பெரியவர் ரொம்பத்தான் இளைச்சுட்டார்!" என்றான். போதகருக்கு முகம் சிவந்துவிட்டது.

"பாக்குறவங்க என்ன நினைப்பாங்க? உள்ள ஏதாச்சும் கனத்தைப் போடுங்கப்பா."

"கல்லு போடறேன் ஐயா," என்றான் ஜேபஸ்.

"கல்லு உருளும்," என்றாள் டார்க்கஸ். "துணிக்கு அடியில நானே வச்சுத் தைச்சுடறேன். அதை என்கிட்ட விடுங்க."

மறுநாள் மத்தியானம் பட்டறைக்கு ஒரு தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஜேபஸ் சாப்பிடப் போயிருந்தான். அவன் திரும்பி வந்தபோது உள்துணி கச்சிதமாகத் தைத்து முடிந்திருந்தது, ஒரு மூலையைத் தவிர. அந்த மூலை வழியாக அவன் கண்ணில் நீலம் பட்டது. முழங்கையில் ஒட்டுப்போட்ட நீலம். சேற்றில் இருநூறு மைலுக்கு மேல் தோளில் போட்டுச் சுமந்துவந்த கோட்டை அவனுக்குத் தெரியாதா? அதற்குள் சுருட்டி வைத்திருந்த சுத்தியல், இடுக்கி, லாடங்களையும் தெரியும். அந்தச் சுத்தியலின் பிடியைப் போட்டுக் கொடுத்தவனே அவன்தான்.

"என்ன பாக்குற?" என்றாள் டார்க்கஸ். அந்தக் கடைசி மூலையையும் இழுத்துத் தைத்து மூடினாள்.

"நான் ஒண்ணும் பாக்கலை," என்றான் ஜேபஸ். ஆணிகளை வாயில் கவ்விக்கொண்டு மூடியை எடுத்தான். எட்டு ஆணி போதும் என்று சொல்லியிருந்தார்கள். அவன் பதினாறு அடித்தான்.

எங்கள் பக்கத்தில் பிப்ரவரியில் செத்தவர்களுக்குக் குழி கிடைக்காது. மண் இரும்பாக இறுகியிருக்கும், கடப்பாரை தெறித்து நம் காலில் விழும். ஏப்ரல்வரை பிணங்கள் கல்லறைத் தோட்டத்து வாசலில் உள்ள பிண அறையில் காத்திருக்கும். அந்த வருஷமும் இரண்டு பேர் அங்கே காத்திருந்தார்கள். ஆனால் காலிப் பெட்டிக்காக இரண்டு பகலும் இரண்டு இரவும் நான்கு வண்டி விறகை எரித்து மண்ணை இளக்கினார்கள். காத்திருந்த இருவரின் சொந்தக்காரர்களும் அதைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

இருபத்திரண்டாம் தேதி ஊரே திரண்டது. முரசுக்குக் கறுப்புத் துணி சுற்றியிருந்தார்கள். எட்டுச் சிப்பாய்களும் இந்த முறை சிரிக்கவில்லை, பெட்டி தோளை அழுத்தியது. டார்க்கஸ் பெண்களின் வரிசையில் கடைசியில் நடந்தாள். புருஷனின் பெட்டிக்குப் பின்னால் நடக்கிறோம் என்ற நினைப்பே அவளுக்குப் போதுமாயிருந்தது. முகத்தில் ஒன்றும் காட்டக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கல்லறைத் தோட்டத்தின் வாசலில் பனிக்கட்டி. முன்னால் போனவனுக்குக் கால் வழுக்கியது. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. உள்ளே எதுவோ சறுக்கிக்கொண்டு போய், டண் என்று மோதியது.

இரும்பில் இரும்பு மோதும் சத்தம். முரசு நின்றது. வயதானவர்களுக்கு அந்தச் சத்தம் பழக்கம். தங்கள் குதிரைகளுக்கு லாடம் அடிக்கக் காத்து நின்ற காலத்தில் கேட்டது. ஒன்றிரண்டு தலைகள் மெல்ல டார்க்கஸ் பக்கம் திரும்பின.

போதகர் பெட்டியருகே வந்தார். "இறக்குங்க," என்றார் தணிந்த குரலில். "தொறந்து பாக்கணும்."

டார்க்கஸுக்கு உயிரே போய்விட்டது. எல்லார் முன்னாலும் திறப்பார்கள், கோட்டை உதறிக் காட்டுவார்கள், பெரிய மனிதரின் பெட்டியில் ஓடிப்போனவன் கோட்டு என்பார்கள். அவள் ஓரடி முன்னால் வைத்தாள். 

எட்டுப் பேரில் ஒருவரும் குனியவில்லை.

"ஜேபஸ், ஆணி அடிச்சது நீதானே? உள்ள என்ன இருக்கு? கண்ணால பார்த்தியா?"

ஜேபஸ் பெட்டியின் பாரத்தைத் தோளில் சரி செய்துகொண்டான்.

"பார்த்தேன் ஐயா. இந்த ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன். வாலி ஃபோர்ஜ்ல செத்துப்போன ஒரு சிப்பாய் இருக்கான். ஆசகேல் இருக்கான்."

போதகர் அவனையே பார்த்தார். பிறகு கூட்டத்தைத் தாண்டி டார்க்கஸைப் பார்த்தார். கையிலிருந்த நாற்பது பக்கமும் காற்றில் படபடத்தது. குழியில் போட்ட நெருப்பு அணைந்து மண் மறுபடி இறுகத் தொடங்கியிருந்தது.

"நடங்க," என்றார்.

குழியில் இறக்கினார்கள். துப்பாக்கி மூன்று முறை வெடித்தது. உரை இரண்டு மணி நேரம் இல்லை, ஒரு மணியிலேயே முடிந்துவிட்டது, குளிர்தான் காரணம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எட்டுச் சிப்பாய்களுக்கும் வீட்டில் பெண்டாட்டிகள் உண்டு. ஆகவே இராச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்ம்ஸ்பரியில் விஷயம் தெரியாத வீடு கிடையாது. யாரும் அதை ஊருக்கு வெளியே சொல்லவில்லை. கிணற்றடியில் டார்க்கஸைக் கண்டதும் முதலில் அவளுக்கு வாளி விட்டுக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

மே மாதம் பக்கத்து ஊர்க் கல்தச்சன் இரண்டு கல்லையும் வண்டியில் கொண்டுவந்து நட்டான். தலைமாட்டுக் கல்லில் ஜார்ஜ் வாஷிங்டன் என்ற பெயரும், அதற்குக் கீழே அவருடைய சாதனைகள் பன்னிரண்டு வரியும் இருந்தன. கால்மாட்டுக் கல்லில் இரண்டே எழுத்து. பார்க்க வந்திருந்த வெளியூர்ப் பெரியவர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"என்னய்யா இது? 'ஜா. வா.'ன்னு இல்ல இருக்கணும்? 'ஆ. வா.'ன்னு வெட்டி வச்சிருக்க!"

கல்தச்சன் பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினான். "எனக்கென்ன தெரியும்? போதகர் எழுதிக் குடுத்தபடி வெட்டினேன்."

போதகர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"தப்பு என்னோடதுதான்," என்றார். பெரியவரைப் பார்த்துச் சொல்லவில்லை. "வயசாச்சு. கையெழுத்து கோணிப்போச்சு. பின்னால திருத்திக்கலாம்."

டார்க்கஸ் கல்லுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, எழுத்தின் குழியில் ஒட்டியிருந்த கல்தூளை பாவாடை ஓரத்தால் துடைத்துவிட்டாள்.

"இருக்கட்டும் ஐயா," என்றாள். "எனக்குப் படிக்க முடியுது."