ஓரம் பார்த்து வாங்கணும்

பழைய புத்தகம் மாத்திக்கிறதுல நான் ஏமாந்ததே கிடையாது. எங்க வாட்ஸ்அப் குரூப்புல இந்த அகஸ்டினா வர்றேன்னாலே பாதிப் பேர் உஷாராயிடுவாங்க. "நல்லா இருக்கு"ன்னு போட்டோ போடுவாங்க, நேர்ல பார்த்தா முதுகு பிஞ்சி நூல் தொங்கும். நான் அங்கேயே திருப்பிக் குடுத்துட்டு வந்துடுவேன். முன்னப்பின்ன தெரியாதவங்க கிட்ட தாட்சண்யம் என்ன வேண்டிக்கிடக்கு?

எனக்குன்னு ஒரு முறை இருக்குது. முதல்ல முகர்ந்து பார்ப்பேன். கடல்காத்து ஊருல ஈரம் ஏறின புத்தகம் வாசனையிலேயே காட்டிக் குடுத்துடும். அப்புறம் பிரவுன் அட்டையைக் கழட்டுவேன். எல்லாக் கிழிசலும் அதுக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கும். கடைசியா புத்தகத்தை மூடி, பக்கமெல்லாம் சேர்ந்து தெரியுது பாருங்க, அந்த ஓரத்தைப் பார்ப்பேன். கை பட்ட இடம் கறுத்திருக்கும், படாத இடம் வெள்ளையா இருக்கும். மனுஷங்க பொய் சொல்லுவாங்க, ஓரம் சொல்லாது.

இந்தத் தடவை எனக்கு வேண்டியிருந்தது ஒரு பிரெஞ்சுப் பயிற்சிப் புத்தகம். பிரெஞ்சுக்காரங்க நிறைய வந்து தங்குற ஒயிட் டவுன்ல ஒரு சின்ன ஹோட்டல்ல துணி துவைக்கிற ரூம்லதான் எனக்கு வேலை. ரிசப்ஷன்ல ஒரு இடம் காலியாகுது. மே மாசப் பரீட்சையில பாஸ் பண்ணி பிரெஞ்சு சர்டிபிகேட் கொண்டாந்தா அந்த சீட்டுன்னு முதலாளி சொல்லிட்டார். ஈர பெட்ஷீட்டைத் தூக்கித் தூக்கி என் தோள்பட்டை போச்சு. எனக்கு அந்த சீட்டு வேணும். வேணும்னா வேணும்.

புதுப் புத்தகம் பாரீஸ்லேர்ந்து வரணும், விலை நமக்கு எட்டாது. இரவல் வாங்கி ஜெராக்ஸும் எடுத்துப் பார்த்தேன். படத்தைப் பார்த்து பதில் எழுதற புத்தகம் அது. ஜெராக்ஸ்ல தாத்தா எது, நாய்க்குட்டி எதுன்னு தெரியல, எல்லாம் ஒரே கறுப்பு.

அப்பதான் மாலான்னு ஒரு பொண்ணு குரூப்புல அதே புத்தகத்தைப் போட்டா. "புதுசு மாதிரி. பதிலுக்கு கம்ப்யூட்டர் அக்கவுண்ட்ஸ் கைடு வேணும்." என்கிட்ட அந்த கைடு இருந்துச்சு, பிளாஸ்டிக் கவர்ல வச்சு, மடிப்பு விழாம. ரெட்டியார்பாளையத்துல சர்ச்சுக்கு எதிர் பேக்கரிக்கு வரச் சொன்னேன். ஞாயிறு பூசை முடிஞ்சதும் நேரா போனேன்.

எனக்கு முன்னாடியே வந்து உக்காந்திருந்தா. சின்னப் பொண்ணுதான், கழுத்துல புதுத் தாலி. புத்தகத்தை மடியிலயே வச்சிருந்தா. குடுக்க வந்திருக்காளா, காட்டிட்டுப் போக வந்திருக்காளான்னு தெரியல.

வாங்கி முகர்ந்தேன். ஈரமில்லை, லேசா தாளிச்ச வாசனை. அட்டை ஒழுங்கா இருந்துச்சு. உள்ளே திறந்தா, பென்சில்ல வரிக்கு வரி எழுதித் தள்ளியிருக்கா.

"என்னாங்க இது? புதுசு மாதிரின்னு போட்டீங்க?"

"பின்னாடி எல்லாம் புதுசுதான் அக்கா. தொட்டதே இல்லை. முன்னாடி எழுதினதை அழிச்சுக் குடுத்துடறேன்."

"அழிச்சா புதுசாயிடுமா?"

மூடி ஓரத்தைப் பார்த்தேன். முன்பாதி அடுப்பங்கரைத் துணி மாதிரி கறுத்திருந்துச்சு. அதுக்கு மேல கோடு கிழிச்ச மாதிரி வெள்ளை. நகத்தை விட்டுப் பிரிச்சா, ஆறாம் பாடம் முடியற இடம்.

என் வாய் சும்மா இருக்குமா? "ஆறாம் பாடத்தோட அலுத்துப் போச்சா?"

அவ கோவப்படல. "எங்க வீட்டுக்காரர் நம்ம ஊர்க்காரர்தான், ஆனா பிரெஞ்சு நேஷனாலிட்டி. கல்யாணம் முடிஞ்சு பத்து நாள்ல பாரீஸுக்குக் கிளம்பிட்டார். பிரெஞ்சு கத்துக்கோ, கூப்பிட்டுக்கறேன்னார். அடுப்பு பக்கத்துலயே வச்சுப் படிச்சேன். போன மாசம் போன் பண்ணி, வர வேணாம்னுட்டார். வேற யாரோ இருக்காங்களாம்." என் கைடைப் புரட்டிக்கிட்டே சொன்னா, "இதைப் படிச்சா எங்கயாவது கணக்கு எழுதப் போகலாம்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தாளு எதிர்ல இருந்திருந்தா பேக்கரி டிரேயால அடிச்சிருப்பேன். அவன் எதிர்ல இல்லை. அதனால ஆறாம் பாடத்தைத் திறந்தேன். அதுல ஸ்டேஷன்ல டிக்கெட் கேட்கிற பேச்சு வரும். ஒரு மாசமா ஜெராக்ஸை வச்சுப் படிச்சும் என் நாக்குல அது புரளவே இல்லை.

"இதை எப்படிச் சொல்லணும்?"

புத்தகத்தைப் பார்க்காமலே சொன்னா. கேள்வி, பதில், ரெண்டும். ஹோட்டலுக்கு வர்ற துரைமார் பேசுவாங்களே, அப்படியே இருந்துச்சு. சொல்லிட்டு, வெட்கப்பட்டு டீயைக் குடிச்சா.

எனக்கு பக்குன்னுச்சு. ரிசப்ஷன் சீட்டைப் பத்தி இவ கிட்ட வாயைத் திறந்தா, என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிற கதைதான். பேசாம புத்தகத்தை வாங்கிட்டு, கைடைக் குடுத்துட்டு, பஸ் ஏறிடலாம். குரூப் சட்டப்படி எல்லாம் சரி. பையை எடுத்துக்கிட்டு எழுந்துகூட நின்னுட்டேன். ஆனா கண்ணு அந்தக் கறுத்த ஓரத்தை விட்டுப் போகல. இவ்ளோ படிச்சவளைக் கணக்கு எழுத அனுப்பிட்டு நான் போய் அந்த சீட்டுல உக்காந்தா, அது முள்ளா குத்தும்.

திரும்ப உக்காந்தேன். "இங்க பாரு மாலா. எங்க ஹோட்டல்ல ஒரு சீட்டு இருக்குது. பிரெஞ்சு பாஸ் பண்ணவங்களுக்குத்தான். வெளியாள் கேட்டாலும் குடுப்பாங்க. நானும் எழுதறேன், நீயும் எழுது."

"நான் யாருக்காக அக்கா படிக்கணும்?"

"அவனுக்காகப் படிச்சது ஆறு பாடம். மிச்சம் உன்னுது."

என் கைடை மூடி வச்சா. அப்புறம், "இருக்கிறது ஒரே புத்தகம்"னா.

பேக்கரிக்காரர் முருகையன் கிட்ட பிரெட் வெட்டுற கத்தியைக் கேட்டு வாங்கினேன். பக்க முனை மடிஞ்சாலே சண்டை போடறவ நான். ஆறாம் பாடம் முடியற இடத்துல கத்தியை வச்சு, முதுகோட சேர்த்து அறுத்தேன். முருகையன், "பன்னு மாதிரி அறுக்கறியேம்மா"ன்னார்.

வெள்ளைப் பாதியை அவ கையில குடுத்தேன், கறுத்ததை நான் வச்சுக்கிட்டேன். "உன் பதிலை அழிக்காத. எனக்கு வேணும். முடிச்சதும் பாதியை மாத்திக்கலாம்." அக்கவுண்ட்ஸ் கைடைத் திரும்ப என் பைக்குள்ள போட்டேன். இனி அவளுக்கு அது எதுக்கு?

"சீட்டு எனக்கு வந்துட்டா, அக்கா?"

"வரட்டும். ஆனா நான் விட்டுக் குடுத்து வராது, தெரிஞ்சுக்கோ."

முதல்முறையா சிரிச்சா.

சாயங்காலம் குரூப் அட்மின் பிரேம்குமார் வழக்கம்போல கேட்டிருந்தார்: "மேடம், புத்தகம் எந்த நிலையில இருந்துச்சு?" எழுதினேன்: "ரெண்டு துண்டு. ஒரு பக்கமும் குறையல."

அடுத்த ஞாயிறு அதே பேக்கரி. அவ பையிலேர்ந்து அவ பாதியை எடுக்கிறதுக்குள்ள நான் பிடுங்கி ஓரத்தைப் பார்த்தேன். ஒன்பதாம் பாடம் வரைக்கும் கறுத்திருந்துச்சு. என் பாதி முன்னாடியே கறுப்பு, நான் எவ்ளோ படிச்சேன்னு அவளால கண்டுபிடிக்க முடியாது. எழுதிப் பழகினது மூணாம் பாடம் வரைக்கும்தான்னு எனக்குத் தெரியும்.

இந்தத் தடவை உஷாராக வேண்டியது நான். டீயைக்கூட முடிக்காம பஸ் ஏறி, ஜன்னலோரம் உக்காந்து நாலாம் பாடத்தைத் திறந்தேன்.