சைடு ஸ்டாண்டு

விபத்துக்குப் பிறகு வெல்டருக்குப் பேர் கூடிப்போனது. மலைப் பாதையில் பைக் ஓட்டுகிற நாலு பேர் அடுத்தடுத்துப் பட்டறைக்கு வந்து, அவன் தங்கச்சி புருஷன் வண்டிக்கு மாட்டிய அதே கைக்கவசம் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். ஹேண்டிலின் இரு முனையிலும் விரல்களுக்கு முன்னால் வளைந்து நிற்கும் அலுமினியப் பட்டை அது. பாறையில் மோதியபோது பட்டைதான் நசுங்கியது. மாப்பிள்ளையின் விரல்கள் பிழைத்தன. முழங்கால் பிழைக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கச்சி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ மட்டும் அத மாட்டலன்னா விரல் போயிருக்கும்னு டாக்டரே சொல்றாருண்ணே." அவன் தலையாட்டினான். அன்று ஆட்டத் தொடங்கிய தலையை யார் பாராட்டினாலும் ஆட்ட வேண்டியிருந்தது.

மாப்பிள்ளை நில அளவையாளர். ஆபீஸில் அவருக்கு 'டேப்பு' என்றே பெயர். அரை அங்குலம் தள்ளி நட்ட எல்லைக்கல்லைப் பிடுங்கி மறுபடி நடவைக்கிற ஆள். வாரம் முழுக்க வயல் வரப்பில் நடந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மலையேற ஒரு பைக் வாங்கினார். அதைப் பாறைக்கும் சேற்றுக்கும் தாங்கும்படி செய்து தரும் வேலை மச்சான் தலையில் விழுந்தது. மச்சானும் ஆசையாகத்தான் ஏற்றுக்கொண்டான். மூன்று வாரம் சாயங்காலங்களில் அதே வேலை. என்ஜினுக்கு அடியில் கல் அடிக்காமலிருக்க நாலு மில்லிமீட்டர் தகட்டை வளைத்து மாட்டினான். ரேடியேட்டருக்கு முன்னால் கம்பிவலை வைத்தான். கிளட்ச் லீவரின் பிடியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டான். விழுந்தால் ஒடியாமல் திரும்பிக்கொள்ளும்.

"வயரிங்ல மட்டும் கை வைக்காத மச்சான்" என்று மாப்பிள்ளை முதல் நாளே சொல்லியிருந்தார். வெல்டர் அதை ஒரு காதில்தான் வாங்கினான்.

சைடு ஸ்டாண்டு கீழே இருக்கும்போது கியர் போட்டால் என்ஜின் அணைந்துவிடும். அதற்கென்று ஸ்டாண்டின் மேல்முனையில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. சேறும் கல்லும் பட்டு அது கெட்டுப்போனால், ஸ்டாண்டு மேலே இருந்தாலும் நடுக்காட்டில் வண்டி நின்றுபோகும். அதனால் பழகியவர்கள் அந்த வயரை வெட்டி இரண்டு முனையையும் ஒன்றாக முறுக்கிவிடுவார்கள். கடைசி நாள் சாயங்காலம் வெல்டரும் அதையே செய்தான். பத்து நிமிஷ வேலை. கறுப்பு டேப் சுற்றியாயிற்று.

மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தான். ஆனால் வண்டி எடுக்க வந்த மாப்பிள்ளை அடித்தகட்டை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, "கோட்டைச் செவரு மாதிரில்ல இருக்கு" என்றார். வெல்டருக்கு உச்சி குளிர்ந்தது. இப்போது வயர் பேச்சை எடுத்தால் வாக்குவாதம் வரும், கிடைத்த பாராட்டும் புளித்துப்போகும். வாயை மூடிக்கொண்டான்.

மாப்பிள்ளையின் பழக்கம் அவனுக்குத் தெரியாததல்ல. மனுஷன் ஸ்டாண்டைப் பார்க்கவே மாட்டார். கியர் போடுவார், என்ஜின் அணையும், "அட" என்று ஸ்டாண்டைத் தட்டிவிடுவார். வண்டி எடுக்கும்போதெல்லாம் இதே கூத்து. "ஒன் மூளைய கம்பெனிக்காரன் ஸ்டாண்டுல வச்சுக் குடுத்திருக்கான்" என்று எத்தனையோ முறை கிண்டல் செய்தவன் இவன்தான். அந்த மூளையைக் கழற்றியதும் இவன்தான்.

அந்த ஞாயிறு, மலையில் தண்ணீர் குடிக்க இறங்கிய மாப்பிள்ளை திரும்ப ஏறிக் கியர் போட்டார். என்ஜின் அணையவில்லை. முதல் இடது வளைவில் ஸ்டாண்டு ஒரு வேரில் மாட்டியது.

உடைந்த வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் வெல்டர் பட்டறையிலேயே போட்டார்கள். யாரும் வயரைப் பார்க்கவில்லை. என்ஜின் அணையாததால், ஸ்டாண்டைப் பாதி தட்டிவிட்டு மறந்திருப்பேன் என்று மாப்பிள்ளையே முடிவு கட்டிவிட்டார். அவர் தன்னைத்தானே திட்டிக்கொண்டதோடு நின்றிருந்தால் வெல்டர் தாங்கியிருப்பான். ஒரு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை தங்கச்சி போன் செய்தாள். அடுப்பை அணைத்தாயா என்று அவர் மூன்று தரம் கேட்கிறாராம். எங்காவது தப்பாக அளந்திருப்பேனோ என்று பழைய குறிப்புகளையெல்லாம் பரப்பிவைத்து உட்கார்ந்திருக்கிறாராம். "ஸ்டாண்ட மறக்குறவன நம்பி எவன் நெலத்த ஒப்படைப்பான்னு கேக்குறாருண்ணே. கால் சரியானாலும் வெளிவேலை வேணாம், மேசை வேலை குடுங்கன்னு லெட்டர் எழுதிட்டாரு. திங்கக்கெழம குடுக்கணுமாம்." வண்டியை விற்றுவிடலாம், ஓடுகிற நிலையில் கொண்டுவா என்று முடித்தாள்.

வெல்டர் வண்டியருகே குந்தி டேப்பைப் பிரித்தான். பிரித்துப் பழையபடி மாட்டிவிட்டால் இந்த உலகத்தில் ஒருவனுக்கும் தெரியாது. கட்டிங் பிளையரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்துவிட்டு, மறுபடி டேப்பைச் சுற்றினான். நேர்மை என்றெல்லாம் இல்லை. மாட்டிவிட்டால் அப்புறம் எந்தக் காலத்திலும் தன் வாய் திறக்காது என்று அவனுக்குத் தன்னைப் பற்றித் தெரியும்.

சனிக்கிழமை காலை வண்டியை ஓட்டிப் போய் தங்கச்சி வீட்டு வாசலில் நிறுத்தினான். மாப்பிள்ளை முற்றத்தில், காலை முக்காலி மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பழைய அளவை நோட்டு.

"ஸ்டாண்ட நல்லாப் போட்டியா பாரு மச்சான்" என்று சிரித்தார். "நம்ம வீட்டுல ஒரு மறதிக் கேஸு போதும்."

"நீ அன்னிக்கும் எப்பவும் போலத்தான் மறந்திருக்க, மாப்ள" என்றான் வெல்டர். "என்ஜின் நின்னிருக்கணும். நிக்காம பண்ணுனது நான்."

மாப்பிள்ளை நோட்டை மூடினார். "எந்த வயரு?"

வெல்டர் குந்தி டேப்பைப் பிரித்துக் காட்டினான்.

"எப்ப?"

"நீ வண்டி எடுக்கறதுக்கு மொத நாள்."

"நான் விழுந்து முப்பத்தி நாலு நாளாச்சு" என்றார் மாப்பிள்ளை. ஆபத்தான நிதானம். "நான் ராத்திரியில எந்திரிச்சு வாசக்கதவ பூட்டிருக்கானு தடவிப் பாக்குறேன்டா."

தங்கச்சி காப்பி டம்ளரோடு வாசற்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. அண்ணனுக்குக் கொண்டுவந்த டம்ளரைத் திருப்பி உள்ளே எடுத்துப் போனாள்.

மாப்பிள்ளை கத்தியிருந்தால் வெல்டர் வாங்கிக்கொண்டு போயிருப்பான். மாப்பிள்ளையின் முகத்தில் கோபம் வந்து சேரும் முன்னே வேறொன்று வந்தது. ஒரு மாதமாகச் சுமந்த மூட்டையை இறக்கியவன் முகம். அதைத்தான் வெல்டரால் பார்க்க முடியவில்லை.

"இப்பவே பழையபடி சேத்துக் குடு."

வெல்டர் பையிலிருந்து சாமானை எடுத்தான். முறுக்கிய முனைகளைப் பிரித்து, சுவிட்சின் வயர்களோடு சேர்த்தான். ஸ்டாண்டு கீழேயே இருக்க, வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்து கிளட்சைப் பிடித்துக் கியரைத் தட்டினான்.

என்ஜின் அணைந்தது.

மாப்பிள்ளை நாற்காலியின் கையை இறுகப் பிடித்தபடி முன்னால் குனிந்திருந்தார்.

"இன்னொரு வாட்டி."

மறுபடி ஸ்டார்ட் செய்தான். கியர். அணைந்தது.

"இன்னொரு வாட்டி."

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோயிருந்தது. ஏழாவது தடவையோ எட்டாவதோ, மாப்பிள்ளையின் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. துடைக்கவில்லை. வெல்டரைப் பார்க்கவும் இல்லை; ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு வாட்டி" என்றார்.

வெல்டர் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தான்.