தொளதொளத்த இலை

எங்கள் லேஸ் கூடத்தில் அடுத்தவள் திண்டை யாரும் தொடக் கூடாது. திண்டின் மேல் படம் வரைந்த அட்டை, அதில் குண்டூசிகள். நூல் சுற்றிய பாபின்களை ஊசிகளைச் சுற்றி மாற்றி முறுக்கிக்கொண்டே போவோம். ஒவ்வொருத்தி கைக்கும் ஓர் இழுப்பு உண்டு. வேறு கை பட்டிருந்தால், ஊசியை உருவியதும் லேஸே காட்டிக்கொடுத்துவிடும். தொட்டவளை அலசும் அறைக்கு அனுப்பிவிடுவார் முதலாளியம்மா. அங்கே போனவள் திரும்பி வந்து பாபின் பிடித்ததாகச் சரித்திரமே இல்லை.

இன்று காலை, மணப்பெண் உடுப்பின் கழுத்துக்கான லேஸில் ஊசிகளை உருவினேன். அதில் பின்னிய இலைகள் எல்லாம் விறைப்பாக நிற்க, ஒன்று மட்டும் தொளதொளவென்று தொங்கியது. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

பக்கத்துத் திண்டில் என் ஓரகத்தி, கொழுந்தன் கட்டிக்கொண்டு வந்தவள். போன வாரம் நான் சாப்பிட்டுவிட்டு வரும்போது, என் திண்டிலிருந்து வெடுக்கென்று கையை எடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

"ஏன்டி, உனக்குன்னு திண்டு இல்லியா? என் பொழப்புல மண்ணள்ளிப் போடத்தான் வந்தியா?" கூடமே அதிரக் கத்தினேன்.

முதலாளியம்மா வந்து அவளைக் கேட்டார்.

"தொட்டியா?"

"தொட்டேம்மா."

அவ்வளவுதான், எழுந்து அலசும் அறைக்குப் போய்விட்டாள். சனியன் ஒழிந்தது என்று உட்கார்ந்தேன்.

எதிரே இருந்த சோடாபுட்டிக் கண்ணாடிக்காரி அந்த இலையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இது வியாழக்கிழம போட்டதுல்ல? அன்னிக்குத்தான நீ புது நூல் சேத்தே, முடிச்சு இருக்கு பாரு. உன் ஓரகத்தி அன்னிக்கு வரவேயில்லியே, அம்மா வீட்டுக்குல்ல போயிருந்தா?"

லேஸை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன்.

அலசும் அறைக்கு ஓடினேன். அவளுக்கு முழங்கை வரை நுரை.

"அன்னிக்கு நீ வரவேயில்லியேடி. சொல்றதுக்கென்ன?"

"சொன்னா, அப்ப யாரு கைன்னு கேப்பாங்களேக்கா."

"தொட்டேன்னியே, அப்ப மத்த இலையெல்லாம்?"

அவள் நிமிரவில்லை. "உங்களுக்குக் கட்டைவிரல் வலி வந்ததுலேர்ந்து இழுப்பு நிக்கறதில்லக்கா. நீங்க சாப்பிடப் போறப்பல்லாம் பிரிச்சு இறுக்கிப் போட்டு வெச்சேன். வியாழக்கிழம மட்டும்தான் முடியல."

வெட்கம் பிடுங்கித் தின்றது. என் விரல் வலியை வீட்டில் ஒருவருக்கும் சொன்னதில்லை. மறைத்துவிட்டேன் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!

முதலாளியம்மா முன்னால் போய் நின்றேன்.

"அந்த இலை என் கைதாம்மா. மத்ததெல்லாம் அவ கை."

கூடத்தில் பாபின் சத்தம் நின்றுபோயிற்று. எல்லாரும் என் கையைத்தான் பார்த்தார்கள். முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"அப்ப இனிமே உன் திண்டுல அவளே போடட்டும். அவளக் கூப்பிடு," என்றார் முதலாளியம்மா.

அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். என் நாற்காலி வரைக்கும் வந்தவள், உட்காராமல் என் முகத்தைப் பார்த்தாள்.

"உக்காரட்டுமாக்கா?" என்று கேட்டாள். அத்தனை பேர் நடுவில் நான் அவளைப் பேசிய பேச்சுக்கு அப்புறமும், என்னிடம்தான் கேட்டாள்.