மாப்பிள்ளையின் கரி நெஞ்சு

பீடி குடிக்கிறவனுக்குத் தன் மகள் கோமளா கிடையாது என்பது பங்காரம்மாவின் சட்டம். அவள் புருஷன் பீடியால் பொத்தல் போடாத வேட்டி அந்த வீட்டில் ஒன்றுகூட இல்லை. அதனால், கோமளாவுக்கு நிச்சயமாகியிருந்த பாலகோபால், மில் வேலைக்காக மார்பை எக்ஸ்ரே எடுக்கப் போகிறான் என்றதும், அவளும் கூடவே ஜட்கா ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். பாலகோபால் பீடியைத் தொட்டதே இல்லை. ஆகவே அவனுக்குப் பயமும் இல்லை, படம் வரும் வரைக்கும்.

டாக்டரம்மா ராமாமணி விளக்குப் பெட்டியில் படத்தை மாட்டினார். விலா எலும்புகள் வெள்ளையாக வரிசை கட்டி நின்றன. அவற்றுக்குள்ளே, இரண்டு பக்கமும் கன்னங்கரேல் என்று இருட்டு.

“அட சாமி! அத்தனையும் பீடிக் கரிங்களா?” என்று அலறினாள் பங்காரம்மா.

“அத்தை, நான் வந்து…”

“நீங்க பேசாதீங்க மாப்ளே. உள்ள இருக்கறது அப்படியே வெளிய வந்துபோட்டுது.”

“ஏனுங்கம்மா, அது நுரையீரல்,” என்றார் டாக்டர். “உள்ள வெறும் காத்து. எக்ஸ்ரே தடையில்லாமப் போயிடும், படம் கறுத்துடும். சதை கொஞ்சம் தடுக்கும், சாம்பலாத் தெரியும். எலும்பு நல்லாத் தடுக்கும், வெள்ளையா நிக்கும். இங்க கறுப்பா இருந்தாத்தானுங்க நல்லது.”

“காத்துக்கு ஏதுங்க நெறம்? இதா, இந்த எடம் மட்டும் பளிச்சுன்னு சுத்தமா இருக்குதே!”

அவள் விரல் வைத்த இடத்தைப் பார்த்துத்தான் டாக்டர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தார். “எலும்பைவிட வெள்ளை. இது உலோகம். தம்பி, எதையாச்சும் முழுங்கிப்போட்டீங்களா?”

பாலகோபால் தலைகுனிந்தான். மேட்டுப்பாளையத்துக் கோயிலில் பங்காரம்மா அவன் கழுத்தில் கட்டிவிட்ட வெள்ளித் தாயத்து அது. தாலி கட்டும் வரை உடம்பை விட்டு இறங்கக் கூடாது என்பது அவள் உத்தரவு. உலோகம் எதுவும் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது, அவன் நன்றாக யோசித்து, தாயத்தை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டான். நெஞ்சைத்தானே படம் எடுக்கிறார்கள்?

டாக்டர் சிரித்தே விட்டார். “எக்ஸ்ரே முதுகுல பூந்துதானுங்க தம்பி நெஞ்சுக்கு வருது! கழட்டிட்டு வாங்க. இதை வெச்சு நான் கையெழுத்துப் போட முடியாது.”

“கழட்டப்படாதுங்க!” என்றாள் பங்காரம்மா.

பேசிப் பேசிக் கடைசியில் ஒரு வழி பிறந்தது. அவள் கயிற்றை நீளமாக்கி, அவன் கைகளை ஒவ்வொன்றாக உள்ளே நுழைத்து, பனியனை இறக்குவதுபோல் தாயத்தை இடுப்புக்கு இறக்கினாள். உத்தரவும் பிழைத்தது.

இரண்டாவது படத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. டாக்டர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்.

“இருந்த ஒரு நல்ல எடமும் போச்சுங்களே!” என்று பங்காரம்மா மூக்கைச் சிந்தினாள்.

வெளியே கம்பியில், துணி காயப்போட்டதுபோல் மற்றவர்களின் படங்கள் தொங்கின. கூட வந்த டாக்டரிடம் அவள் ஒவ்வொன்றாக விசாரித்தாள். ஒன்று கோயில் பூசாரியுடையது. ஒன்று பொள்ளாச்சிப் பள்ளிக்கூட டீச்சருடையது. கடைசியில் தொங்கியது டாக்டரம்மாவுடையதேதான். எல்லாமே கறுப்பு. பங்காரம்மா டாக்டரை மேலும் கீழும் பார்த்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

திரும்பும்போது ஜட்காவில் பங்காரம்மா அவன் பக்கம் குனிந்தாள். பிறகு மெல்ல, “மாப்ளே, ஊரே களவாப் பீடி குடிக்குதுங்க. டாக்டரம்மாகூட! இதுல நான் எங்க போயி வேற ஆளைத் தேடறது? தையிலயே கல்யாணத்த வெச்சுப்போடலாம். நீங்க மட்டும் அந்தக் கருமத்த விட்டுப்போடுங்க” என்றாள்.

தான் குடித்ததே இல்லை என்ற பதில் வாய் வரைக்கும் வந்தது. பாலகோபால் கோமளாவை நினைத்துக்கொண்டான்.

“சரிங்க அத்தை, இன்னைக்கே விட்டுப்போடறேனுங்க,” என்றான்.