இன்று லிஃப்ட்டில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன்

இருபது வயது முடிந்தும் வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பாதான். இணையத்தில் அவள் வேறு ஆள். அங்கே கறுப்புக் கோட்டுப் போட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, ‘மாற்றத்தை விரும்பும் இளம் தலைவர்’ என்று நிற்பாள். யாருக்குத் தலைவர் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கோட்டு, கை நீளம் குறைப்பதற்காக அம்மாவின் தையல் மெஷினுக்கு வந்த யாரோ ஒருவருடையது. அரை மணி நேரம் இரவல். தொளதொளவென்று தொங்கியதை முதுகுப் பக்கம் நான்கு துணிக் கிளிப் போட்டு அம்மா இறுக்கிவிட்டாள். பின்னால் தெரியும் வெள்ளைச் சுவர், குளியலறைக் கதவை ஒட்டிய சுவர்.

“முன்னாடி பார்த்தா முதலாளி, பின்னாடி பார்த்தா கொடிக்கயிறு,” என்றார் அப்பா.

இதெல்லாம் அவள் ஆசைப்பட்டுச் செய்ததில்லை. கல்லூரியில் வேலைவாய்ப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர், மாணவர்கள் வாயில் ‘பலகை சார்’, கடைசி ஆண்டின் முதல் நாளே சொல்லிவிட்டார். “சரக்கு அப்புறம் வரட்டும்பா. முதல்ல பலகைய மாட்டு. பலகை இல்லாத கடைக்கு எவன் வருவான்?” வாரத்துக்கு ஒரு பதிவு. அதில் ஒரு அனுபவம், ஒரு பாடம், கடைசியில் படிக்கிறவர்களைப் பார்த்து ஒரு கேள்வி. பதிவு தவறினால், கம்பெனிகளுக்குப் போகும் பட்டியலில் பெயர் தவறும்.

வாரா வாரம் பாடம் கற்றுக்கொள்ள இருபது வயதுப் பெண்ணுக்கு என்னதான் நடந்துவிடும்? முதல் வாரம் பேருந்தைத் தவறவிட்டு நேரத்தின் அருமையைக் கற்றாள். அடுத்த வாரம் மழையில் நனைந்து திட்டமிடக் கற்றாள். ஐந்தாம் வாரம் சரக்கு தீர்ந்து எறும்பு வரைக்கும் வந்துவிட்டாள். எறும்புக்கு விழுந்தது ஒன்பது லைக். அதில் ஒன்று அவளே போட்டது, ஒன்று பலகை சார் இரக்கப்பட்டுப் போட்டது.

“எறும்பெல்லாம் விலை போகாதும்மா,” என்றார் அவர். “மனுஷன் வேணும். எளிய மனுஷன். படிக்கிறவன் கண்ணுல தண்ணி வரணும்.”

அன்று மாலை எளிய மனுஷன் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினார்.

அப்பா ஒரு காலத்தில் துணிக்கடையில் விற்பனையாளர். விரித்த துணியை வாங்காமல் அவரிடமிருந்து தப்பியவர்கள் குறைவு. கடை மூடியபின், பத்து மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டுகிறார். பழங்காலத்து லிஃப்ட், இழுத்துச் சாத்தும் கம்பிக் கதவு. மாற்றச் செலவாகும் என்பதால் அதற்குப் ‘பாரம்பரிய அழகு’ என்று பெயர் வைத்துவிட்டார் கட்டட மேலாளர். பதினொரு வருஷமாக அப்பா அந்த அழகுக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

“இன்னிக்கு ஏழாவது மாடியிலேர்ந்து ஒரு பையன் இறங்கினான்,” என்றார், தட்டை இழுத்து வைத்துக்கொண்டே. “கையில அட்டைப்பெட்டி, அதுல ஒரு செடி. வேலை போயிடுச்சு போல. மூக்கை உறிஞ்சிக்கிட்டே நிக்கிறான். கீழ வாசல்ல கூட்டம் நிக்கும்ல? நாலுக்கும் மூணுக்கும் நடுவுல ஒரு நிமிஷம் நிறுத்திட்டேன். மூஞ்சியத் துடைச்சுக்கட்டும்னு.”

“அவன் என்னப்பா சொன்னான்?”

“என்ன சொல்வான்? ரிப்பேரான்னு கேட்டான். ஆமான்னேன்.”

பாப்பாவுக்கு விரல் பரபரத்தது. ‘என் அப்பா ஒரு லிஃப்ட் ஓட்டுநர்’ என்றுதான் முதலில் எழுதினாள். படித்துப் பார்த்தால் சொந்த வீட்டுச் சரக்கையே கடை விரித்து விற்கிற கூச்சம். அப்பா என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டுப் ‘பெரியவர்’ என்று போட்டாள். அந்தச் சொல் சும்மா வரவில்லை, தன் சாதிசனத்தை எல்லாம் இழுத்துக்கொண்டு வந்தது. அழுத பையன் போய், நேர்காணலில் தோற்றுத் திரும்பும் மாணவியாக அவளே உள்ளே வந்தாள். பேசாமல் லிஃப்ட்டை நிறுத்திய மனிதர் வாய் திறந்து, “இறங்கினவங்கதாம்மா மறுபடி ஏற முடியும்,” என்றார். அப்படியும் கண்ணில் தண்ணீர் வரவில்லை. ஆகவே அவர், “என் பொண்ணைத்தான் படிக்க வைக்க முடியலை, நீயாவது மேல போம்மா,” என்று சொல்லிக் கலங்கினார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது என்று முடித்து, நீங்கள் இன்று யாருக்காக நின்றீர்கள் என்று ஒரு கேள்வியும் போட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏற்றிவிட்டாள்.

இரண்டு நாளில் நாற்பதாயிரம் பேர் அழுதார்கள்.

மூன்றாம் நாள் அப்பா வேலையிலிருந்து வந்தவுடன் செருப்பைக் கழற்றவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார்.

“பாப்பா, எங்க மேனேஜர் ஒண்ணு படிச்சுக் காட்டினாரு. எனக்குப் பாதி புரியலை. நீ படி, கேப்போம்.”

அவள் படித்தாள். குரல் நடுங்காமல் படித்ததாகத்தான் நினைத்தாள்.

“ஒரு வரி விட்டுட்ட,” என்றார் அப்பா.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“பரவால்ல, எனக்கு மனப்பாடம். அவரு ரெண்டு தடவை படிச்சாரு.”

தையல் மெஷின் நின்றது. அம்மா எழுந்து வந்து அந்த வரியைத் தானே தேடிப் படித்தாள். “ஏண்டி, ஊரு அழறதுக்கு எங்க வீட்டுப் பொண்ணையே பள்ளிக்கூடத்துலேர்ந்து நிறுத்திட்டியா? அப்ப இத்தனை வருஷம் நான் மெஷின் மிதிச்சது எந்த வீட்டுப் புள்ளைக்கு?”

“அம்மா, அது சும்மா ஒரு...”

“சும்மா ஒரு அப்பா. சரி. நான் எங்க? அந்தப் பெரியவருக்குப் பொண்டாட்டி இருக்காளா, இல்ல அவளையும் முடிச்சுட்டியா?”

“நாளைக்கே எடுத்துடறேம்மா. உண்மையைச் சொல்லி எழுதிடறேன்.”

“எடுக்க முடியாது,” என்றார் அப்பா. அவர் குரலில் கோபமே இல்லை. துணி தீர்ந்துவிட்டது என்று வாடிக்கையாளரிடம் சொல்கிற குரல்.

விஷயம் இதுதான். லிஃப்ட்டை நடுவில் நிறுத்துவது கட்டட விதிப்படி குற்றம். கம்பிக் கதவு லிஃப்ட் ஊரிலேயே இது ஒன்றுதான் என்பதால், பதிவைப் படித்தவுடனே ஆளைக் கண்டுபிடித்து, மேலாளர் காலையில் வேலைநீக்கக் கடிதத்தோடுதான் வந்திருக்கிறார். கடிதத்தை நீட்டும் நேரத்தில் ஏழாவது மாடிக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. இந்த மனிதரைக் கௌரவிக்க வேண்டும், எழுதிய மாணவியையும் அவரையும் மறுபடி சந்திக்க வைக்க வேண்டும், படம் எடுக்க வேண்டும். மேலாளர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு அப்பாவின் தோளில் கை போட்டாராம்.

“கிழிக்கலை, பாப்பா. மடிச்சுத்தான் வச்சிருக்காரு. கதை பொய்னு ஆச்சுன்னா பையிலேர்ந்து எடுக்க எத்தனை நேரம் ஆகும்?”

மறுநாள் பலகை சார் ஓட்டமும் நடையுமாக வகுப்புக்கே வந்தார். அதே கம்பெனி. அவளுக்கு அங்கே பயிற்சி வேலை, ஆறு மாதத்தில் நிரந்தரம். “நேர்காணல்கூட வேணாமாம்மா. உன் மனசைப் பார்த்துட்டாங்களாம்.” உண்மையைச் சொல்லலாமா என்று அவள் தொண்டையைச் செருமினாள். அதற்குள் அவர், “உன்னால நம்ம காலேஜ் பசங்க இன்னும் பன்னெண்டு பேரைக் கூப்பிடறாங்க,” என்றார். வகுப்பே திரும்பி அவளைப் பார்த்தது. செருமல் இருமலாக மாறி அடங்கியது.

சந்திப்புக்கு முதல் நாள், என்ன பேசுவது என்று அப்பாவோடு ஒத்திகை பார்க்க நினைத்தாள்.

“துணிக்கடைக்காரனுக்கு நடிக்கக் கத்துக்கொடுக்காத,” என்றார். “சாயம் போற துணிய, தங்கச்சிக்குன்னா இதைத்தான் எடுப்பேன்னு சொல்லி வித்தவன் நான். எனக்குத் தங்கச்சியே கிடையாது.”

அம்மா சிரிக்கவில்லை. கோட்டைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டதால் பழைய துணியில் ஒரு கோட்டை அவளுக்காகத் தைத்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அளவெடுத்து.

ஏழாவது மாடி வரவேற்பறையில் விளக்கெல்லாம் போட்டு, கேமரா நிறுத்தி வைத்திருந்தார்கள். பலகை சார் கழுத்தில் டை. மேலாளர் கையில் பூங்கொத்து. கம்பெனியில் ஆள் எடுக்கிற, ஆளை அனுப்புகிற வேலை இரண்டையும் பார்க்கும் ஹெச்.ஆர். மேடம், நல்ல சிரிப்பு உள்ளவர். செடியோடு இறங்கிப்போன பையனையும் இதே சிரிப்போடுதான் அனுப்பியிருப்பார். அந்தப் பையனைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை. அவன்தான் கதையிலேயே இல்லையே.

அப்பா சீருடையில், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு வந்தார். பாப்பாவுக்கு முன்னால் வந்து நின்று கும்பிட்டார்.

“நல்லா இருக்கீங்களா மேடம்? அன்னிக்கு அழுதீங்களே, மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு.”

‘நீங்க’ என்றார். பிறந்ததிலிருந்து அவர் வாயால் ‘நீ’ தவிர வேறு எதுவும் கேட்டிராத பெண்ணுக்கு முதுகில் யாரோ கிளிப் போட்டு இறுக்கியது போல இருந்தது.

“இப்ப... நல்லா இருக்கேன் ஐயா,” என்றாள்.

கை குலுக்கச் சொன்னார்கள். குலுக்கினார்கள். படம் சரியாக விழவில்லை, இன்னொரு தடவை என்றார்கள். மூன்றாவது தடவை அப்பாவின் உள்ளங்கை வியர்த்திருந்தது. அவளுடையதும்தான்.

அப்போதுதான் ஹெச்.ஆர். மேடம் யாரும் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார். “ஐயா, உங்க பொண்ணைப் படிக்க வைக்க முடியலைன்னு சொன்னீங்களாமே. அந்தப் படிப்பை எங்க கம்பெனி ஏத்துக்குது. அவங்களை நாளைக்கே கூட்டிட்டு வாங்க. எல்லாரும் பார்க்கணும்.”

கைதட்டல் எழுந்தது. பாப்பா தரையைப் பார்த்தாள். பளிங்குத் தரை, அதிலும் அவள் முகமே தெரிந்தது.

“வேணாங்க மேடம்,” என்றார் அப்பா. “அவ படிச்சுட்டா.”

கைதட்டல் பாதியில் நின்றது. மேலாளரின் கை தானாகச் சட்டைப்பைப் பக்கம் போனதைப் பாப்பா பார்த்தாள். பலகை சார் அவளைப் பார்த்தார். பதிவில் அப்படி இல்லையே என்று எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது.

அப்பா ஒரு மூச்சு விட்டார். பிறகு, பேரம் படியாத நேரத்தில் அடுத்த துணியை விரிப்பது போல, முகத்தை மாற்றினார்.

“அதாவது, அவ படிச்சது போதும்னுட்டா. நான் எவ்வளவோ சொன்னேன். இனிமே அவளுக்கு யாரும் ஒண்ணும் செய்ய வேணாம் மேடம். கெட்டிக்காரி. எதையும் வித்துடுவா.”

“ஓ, வியாபாரமா?”

“கிட்டத்தட்ட.”

எல்லாரும் சிரித்தார்கள். மேலாளரின் கை கீழே இறங்கியது. நல்ல இடத்தில் சிரிப்பு வந்தது என்று கேமராக்காரருக்குத் திருப்தி.

“அவளை ஒரு நாள் பார்க்கணுமே,” என்றார் மேடம்.

“பார்ப்பீங்க,” என்றார் அப்பா.

பாப்பா வேலையில் சேரும் நாள் வந்தது. வீட்டில் புது ஏற்பாடுகள். அப்பா அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பிவிடுவார். ஒரே பேருந்தில் போக நேர்ந்தால் முன்வாசல், பின்வாசல். அம்மா வழக்கமாகக் கட்டும் ஒரே மாதிரி இரண்டு சாப்பாட்டு டப்பாக்களில் ஒன்றை மாற்றியாக வேண்டும். வேறு நிறத்தில் வாங்கி வந்த டப்பாவை அம்மா மேசை மேல் டொக்கென்று வைத்தாள். “இந்தா. இது அந்நிய வீட்டுச் சாப்பாடு.”

எத்தனை நாளைக்கு என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. ஆறு மாதத்தில் நிரந்தரம் என்று பலகை சார் சொன்னது வேலையைத்தான். இருந்தாலும் அந்தச் சொல் வீட்டுக்குள் எங்கெங்கோ போய் உட்கார்ந்துகொண்டது.

கட்டடத்துக்குள் நுழைந்தபோது வாசலில் வேறு யாரும் இல்லை. கம்பிக் கதவு திறந்தே இருந்தது. அப்பா முக்காலியிலிருந்து எழுந்து நின்றார். அவள் உள்ளே வந்ததும் கதவை இழுத்துச் சாத்தினார். கம்பிகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டன.

“எந்த மாடி மேடம்?”

அவள் வாய் திறந்தாள். ஏழு என்ற சொல் வரவில்லை. கண்ணீர்தான் முந்திக்கொண்டது.

லிஃப்ட் கிளம்பியது. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் ஒரு குலுக்கலோடு நின்றது. கம்பிகளுக்கு அப்பால் வெறும் செங்கல் சுவர்.

“அப்பா,” என்றாள்.

அவர் திரும்பவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடியே கண்ணை மேலே காட்டினார். கூரை மூலையில் புதிதாக ஒரு கேமரா, சிவப்புப் புள்ளியோடு. “நம்ம படம் வந்தப்புறம் மாட்டினாங்க மேடம். பேசறதும் பதிவாகுமாம்.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ரிப்பேரா?” என்று கேட்டாள்.

“ஆமாங்க,” என்றார் அவர்.

ஒரு நிமிஷம் முடிந்தது. லிஃப்ட் மேலே ஏறியது. ஏழாவது மாடியில் கதவு திறந்ததும் எதிர்ச்சுவரில் அந்தப் படம், ஆள் உயரத்துக்குச் சட்டம் போட்டு. மாணவியும் பெரியவரும் கை குலுக்குகிறார்கள். கீழே பொன்னெழுத்தில், ‘பெயர் தெரியாத ஒருவருக்கு நன்றி.’

அவள் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் கம்பிக் கதவு சாத்திக்கொண்டது. படத்துக்கு முகம் காட்டியபடி அப்பா மெல்ல மெல்லக் கீழே இறங்கிப்போனார். முதலில் கால், பிறகு இடுப்பு, கடைசியில் படிய வாரிய தலை.