மூன்றாவது மாடிக்கு வந்த குழாய்ப் புகார்

வெளிநாட்டில் நம் செய்தியாளர் ஒருவரின் விரல்களை நான்கு பேர் உடைத்த மறுநாள் காலையிலிருந்து, வெளியுறவு அமைச்சகத்தின் மூன்றாவது மாடியில் இருந்த பதினொரு கணினிகளும் அந்தச் செய்தியாளர் நினைத்ததை மட்டுமே எழுதின. முதலில் கண்டுபிடித்தது தட்டச்சர் அம்மாள். இப்படிப்பட்ட சமயங்களுக்கென்றே அங்கே ஓர் அறிக்கை தயாராக இருக்கும். பெயரையும் ஊரையும் நிரப்பினால் போதும், டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். அவர் ‘ஆழ்ந்த கவலை’ என்று தட்டினார். ‘சமையலறைக் குழாய் சொட்டுகிறது, வாஷர் மாற்றவும்’ என்று திரையில் விழுந்தது.

செய்தியாளரின் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிறவர். விடிந்ததிலிருந்து பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம், “அவ உயிரோட இருக்காளா சார்?” என்று ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார். எந்த ஆஸ்பத்திரி என்றுகூட அந்த நாடு சொல்லவில்லை. தட்டச்சர் அம்மாள் அந்தத் தாளைக் கொண்டுவந்து காட்டினார். கணவர் படித்துவிட்டு அழுதார். “கிளம்பறதுக்கு முன்னாடி பத்து நாளா சொல்லிட்டே இருந்தாம்மா. நான்தான் நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிட்டேன்.” அன்று மாலையே வாஷரை மாற்றினார். மறுநாள் பதினொரு திரைகளிலும் ‘அப்பாடா’ என்று வந்தது.

இயக்குநருக்கு வேறு தலைவலி. அடுத்த மாதம் அதே நாட்டோடு துறைமுக ஒப்பந்தம். அம்மணி படிக்கட்டில் தவறி விழுந்தார் என்று அவர்கள் அனுப்பிய விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டால் எல்லோருக்கும் நிம்மதி என்று நினைத்து, அதைத் தட்டச்சு செய்யச் சொன்னார். ‘நான் தங்கியிருந்தது தரைத்தளம்’ என்று வந்தது. மறுபடி சொன்னார். ‘எத்தனை தடவை சொல்வது?’ என்று வந்தது. அதன் பிறகு அடித்தவர்கள் வந்த வேனின் எண், அவர்களை அனுப்பிய அதிகாரியின் பதவி, ஆஸ்பத்திரியின் பெயர், கட்டில் எண் என்று செய்தியாளர் எழுதிப் பாதியில் நின்ற செய்தி வரிவரியாக இறங்கியது. ஒப்பந்தத்தைத் தட்டினாலும் அதுவேதான் வந்தது. வெட்கம் என்பது மெதுவாகத்தான் மாடியேறும் போலிருக்கிறது. ஆறாம் நாள் அமைச்சர் அந்த நாட்டுத் தூதரைக் கூப்பிட்டு, வேன் எண்ணை அவர் முன்னால் வைத்து, அந்தப் பெண் வீடு வந்து சேர்ந்து, அடித்தவர்கள் கூண்டில் ஏறும்வரை எதிலும் கையெழுத்தில்லை என்றார். நம் தூதரகத்து அதிகாரி ஒருவர் இரவும் பகலும் அந்தப் பெண்ணின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். பத்தொன்பதாம் நாள் செய்தியாளர் வீடு வந்தார். நால்வரும், அனுப்பியவரும் கூண்டில் ஏற இரண்டு வருடம் ஆயிற்று. அதுவரை துறைமுகம் காத்திருந்தது.

பத்துக் கணினிகள் சரியாகிவிட்டன. செய்தியாளரின் விரல்கள்தான் சரியாகவில்லை. அதனால் தட்டச்சர் அம்மாளின் கணினியைச் செய்தியாளருக்கே விட்டுவிட்டார்கள். அவர் வீட்டில் கண்ணை மூடி யோசிக்க, மூன்றாவது மாடியில் செய்தி எழுதப்படும். பிழை பார்த்துப் பத்திரிகைக்கு அனுப்புவது தட்டச்சர் அம்மாளின் பணிப் பட்டியலில் நான்காவது வேலை. இடையிடையே வீட்டு விஷயமும் வரும். முகத்துக்கு நேரே சொல்ல வராத சங்கதிகள் எந்த வீட்டில்தான் இல்லை? அப்போது தட்டச்சர் அம்மாள் கணவரின் கடைக்குப் போன் செய்வார்.

“அண்ணா, காலையில பட்டன் போட்டுவிடறப்ப உங்க கை நடுங்குதாமே. அவங்களுக்கு வலிக்கலையாம். பயப்படாம போடச் சொல்றாங்க.”

“சரிம்மா” என்றார் அவர். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த லென்ஸை எடுத்தார்.